வானிலைக்கு ஓர் ஒதுக்கீடு

உண்மையைக் கண்டுபிடித்தவர் யார் என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் உண்மைக்கு ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை வைத்து, அதைச் சொல்வதற்கு மணிக்கணக்கில் கட்டணமும் வாங்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர்கள் அமெரிக்க வழக்கறிஞர்கள்தாம் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அந்த மகத்தான திருப்பணியில் மினசோட்டா மாநிலத்தின் நார்ட்விக் என்ற சிற்றூர் ஆற்றிய பங்கு இதுவரை எந்த வரலாற்றிலும் ஏறவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இந்தக் கதையின் நோக்கம்.

நார்ட்விக்கில் ஹால்வர் நெஸ் ஒரு ஹாட்டிஷ் கடை வைத்திருந்தார். அரைத்த மாட்டிறைச்சி, தகர டப்பாவில் வரும் காளான் சூப், மேலே வரிசையாக அடுக்கிய உருளைக்கிழங்கு உருண்டைகள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு அடுப்பில் வைத்து எடுத்தால் ஹாட்டிஷ். ஊரில் அதைச் செய்யத் தெரியாத வீடு கிடையாது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குப் பாதி செய்முறை தெரியும். அப்படிப்பட்ட பண்டத்தைக் காசுக்கு விற்கும் கடை பல ஆண்டுகளாக நன்றாகவே நடந்தது.

காரணம் எளிது. கடை பிரதான சாலையில் இருந்தது. அதற்குப் பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஹால்வர் நின்றுகொண்டிருந்தார். தெரிந்த மனிதர் பார்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளே வராமல் கடந்துபோவது மரியாதையாகுமா? ஆகாது. எனவே வந்தார்கள். வந்தபின் வெறுங்கையோடு திரும்புவது மரியாதையாகுமா? அதுவும் ஆகாது. எனவே வாங்கினார்கள். வீட்டுக்குப் போய், அங்கே ஏற்கெனவே வெந்துகொண்டிருந்த ஹாட்டிஷுக்குப் பக்கத்தில் இதையும் வைத்தார்கள்.

இப்படி வெட்கப்பட்டு உள்ளே வந்த ஒருவர், வெட்கத்தினாலேயே ஒருநாள் சொன்னார், இந்த மாதிரி கடை ஊருக்கு ஊர் இருக்கவேண்டும் என்று. ஹால்வர் அதை நம்பிவிட்டார். பக்கத்து மாவட்டத்தில் சொந்தச் செலவில் இரண்டாவது கடை திறந்தார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. ஜன்னலைக் கடந்து ஜனங்கள் நிம்மதியாக நடந்து போனார்கள். ஒரே குளிர்காலத்தில் கடை மூடப்பட்டது. இதிலிருந்து ஹால்வர் ஒரு முக்கியமான பாடம் கற்றார்: கிளைகளைச் சொந்தப் பணத்தில் திறக்கக்கூடாது.

அடுத்தவர் பணத்தில் திறப்பதற்கு ஃபிரான்சைஸ் என்று பெயர். பெயரும் செய்முறையும் நம்முடையவை. கடையும் கடனும் அவர்களுடையவை. இதை விற்கும் முன், வாங்குபவர் கையில் ஒரு 'வெளிப்படுத்தல் ஆவணம்' கொடுத்து, இரண்டு வாரம் அவகாசமும் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். நாம் யார், நம் கையில் எவ்வளவு இருக்கிறது, எந்தக் கடை மூடிற்று, யார் விலகினார்கள், அவர்கள் தொலைபேசி எண் என்ன என்று எதையும் மறைக்காமல் அதில் சொல்லவேண்டும். மறைக்காமல் சொல்ல வழக்கறிஞர் வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு வரவுசெலவுத் திட்டம் வேண்டும். திட்டத்துக்கு ஹால்வரின் அக்கா ஆர்லீன் இருந்தார். லூத்தரன் தேவாலயத்தின் நிலவறைச் சமையலறைக்கு வெகுகாலமாகக் கணக்கு வைத்தவர். காபித்தூள் ஒரு கரண்டி குறைந்தாலும் யார் வீட்டுக்குப் போயிற்று என்று சொல்லிவிடுவார்.

மினியாபொலிஸிலிருந்து விட்லாக் என்ற வழக்கறிஞர் காரில் வந்தார். ஹால்வர் காபி வேண்டுமா என்று கேட்டார். "தாங்க," என்றார் விட்லாக்.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நார்ட்விக்கில் யாரும் முதல் முறையில் எதற்கும் சரி என்று சொல்வதில்லை. முதல் முறை கேட்டால் வேண்டாம். இரண்டாம் முறையும் வேண்டாம். மூன்றாம் முறையும் கேட்டால்தான் உண்மையாகக் கேட்கிறார்கள் என்று பொருள். அப்போது, சிரமம் இல்லையென்றால் அரைக் கப் போதும் என்று சொல்லி முழுக் கப்பை வாங்கிக்கொள்ளலாம். முதல் இரண்டு 'வேண்டாம்'களும் மரியாதை. மூன்றாவதுதான் பதில். இது கைக்குழந்தைகளுக்கும் தெரிந்த விஷயம். பாவம், இந்த ஆளுக்கு வழியில் எங்கும் தண்ணீர் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று ஹால்வர் இரக்கப்பட்டார்.

காபியைக் குடித்துவிட்டு விட்லாக் பேச்சை எடுத்தார்.

"மொத்தமா ஒரு தொகை பேசிக்கலாம் மிஸ்டர் நெஸ். எத்தனை மணி நேரம் ஆனாலும் அதுக்கு மேல ஒரு டாலர் வாங்க மாட்டேன்."

ஹால்வரின் நெஞ்சு குளிர்ந்தது. இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் கிடைக்காது. அதனால், "அதெல்லாம் வேண்டாங்க, உங்களுக்கு எதுக்கு நஷ்டம்," என்றார்.

"நான் நிஜமாத்தான் சொல்றேன்."

"இல்லல்ல. வேண்டாம்."

சொல்லிவிட்டு, மூன்றாவது முறைக்காக ஹால்வர் நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். விட்லாக் தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். "சரி, அப்போ மணிக் கணக்கு," என்றார்.

கார் போனபிறகு ஹால்வர் நாற்காலியில் மறுபடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "மூணாவது தடவை கேட்டிருக்கணும்ல?"

"மினியாபொலிஸ்காரன்டா அவன்," என்றார் ஆர்லீன். "அங்க ஒரு தடவை கேக்கறதே பெருசு. இவன் ரெண்டு தடவை கேட்டிருக்கான். நல்ல குடும்பம்தான் போல."

முதல் பில் வந்தது. வழக்கறிஞர்களின் மணி ஆறு ஆறு நிமிடத் துண்டுகளாக வெட்டப்பட்டது என்பதை அன்றுதான் நார்ட்விக் அறிந்தது. பில்லில் சட்டம் கொஞ்சமாகத்தான் இருந்தது. மற்றதெல்லாம் விடைபெறுதல்.

விடைபெறுவது நார்ட்விக்கில் ஒரு செயலன்று, ஒரு பருவம். "சரி, அப்போ" என்று தொடையில் தட்டிக்கொள்வார்கள். அது முடிவல்ல, தொடக்கம். பிறகு காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, ஏரியில் பனி எத்தனை அங்குலம், அதன்மேல் வண்டி ஓட்டலாமா, போன வருஷம் ஓட்டிப் பனி உடைந்து மூழ்கினவர் வண்டியை எப்போது வெளியே எடுத்தார், அவர் மச்சானின் முழங்கால் எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டு முடித்து, மறுபடியும் "சரி, அப்போ." வழக்கறிஞரிடம் ஹால்வர் கேட்ட சட்டக் கேள்வி ஒரு துண்டில் முடிந்திருந்தது. அதிலிருந்து விடைபெற ஏழு துண்டுகள் ஆகியிருந்தன. விட்லாக்கின் அலுவலகம் அதை 'வட்டாரப் பருவநிலை குறித்த கலந்தாலோசனை' என்று பதிவு செய்திருந்தது.

கடைசி வரியை ஆர்லீன் உரக்கப் படித்தார். "'உணவுப் பொருள் ஒன்று பெறப்பட்டுப் பரிசீலிக்கப்பட்டது. இரண்டு துண்டு.' என்னடா இது?"

"நான் அனுப்பின ஹாட்டிஷ்."

"நம்ம ஹாட்டிஷைத் தின்னதுக்கு நம்மகிட்டயே காசா?"

"பரிசீலனைன்னுல போட்டிருக்கார்."

"தட்டைத் திருப்பிக் குடுத்தாரா?"

"இன்னும் இல்ல."

"அப்போ இன்னும் பரிசீலனையிலதான் இருக்கு. அடுத்த பில்லுலயும் வரும் பாரு."

இனி வழக்கறிஞரிடம் வானிலை பேசக்கூடாது என்று ஆர்லீன் தடை போட்டார். ஹால்வர் கட்டுப்பட்டார். அடுத்த முறை கேள்வியைக் கேட்டு, பதிலை வாங்கி, உடனே தொலைபேசியை வைத்தார். வைத்தபின் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மனிதரை இப்படி முகத்தில் அடித்ததுபோல விட்டுவிடலாமா? மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பிலிருந்து விடைபெற ஒன்பது துண்டுகள் ஆயின.

ஆர்லீன் நடைமுறை தெரிந்தவர். மனித இயல்பைத் திருத்த முடியாது, அதற்குப் பணம் ஒதுக்கத்தான் முடியும் என்று உணர்ந்தார். வரவுசெலவுத் திட்டத்தில் தணிக்கையாளர் கட்டணத்துக்கும் மாநிலப் பதிவுக் கட்டணத்துக்கும் நடுவில் புதிதாக ஒரு செலவுத் தலைப்பு ஏறியது: 'வானிலை.' இத்தனை தொலைநோக்கோடு போடப்பட்ட திட்டம் அந்த மாநிலத்தில் வேறெங்கும் இருந்திருக்காது.

ஆவணம் வளர்ந்தது. முதல் கடை ஏன் ஓடுகிறது, இரண்டாவது ஏன் ஓடவில்லை என்று விட்லாக் கேட்டார். ஹால்வர் தயங்கினார். ஆர்லீன் தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஜனங்க பசிக்கு வாங்கல, வெட்கத்துக்கு வாங்கறாங்க. இவன் மூஞ்சியைத் தெரியாத ஊர்ல ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. அதை அப்படியே எழுதுங்க."

விட்லாக்குக்கு மிகுந்த மகிழ்ச்சி. சட்டம் எதிர்பார்ப்பது இந்த நேர்மையைத்தான் என்றார். சில வாரங்களில் அந்த நேர்மை அச்சாகி வந்தது. ஆவணத்தின் நடுவயிற்றில், ஓர் அட்டவணைக்குக் கீழே இருந்தது: 'வாடிக்கையாளர் ஈடுபாடு, உரிமையாளருக்கும் அப்பகுதி மக்களுக்கும் இடையிலான முன்பரிச்சயம் உள்ளிட்ட, ஆனால் அதோடு மட்டும் வரையறுக்கப்படாத, வட்டாரக் காரணிகளுக்கேற்ப மாறுபடக்கூடும்.'

ஆர்லீன் இரண்டு முறை படித்தார். "இது நான் சொன்னதா?"

"நீங்க சொன்னதேதான். இப்போ பாதுகாப்பா இருக்கு," என்றார் விட்லாக் தொலைபேசியில்.

"யாருக்கு?"

அந்தக் கேள்விக்கு ஒரு துண்டு மட்டும் பில்லில் ஏறியது.

பிறகு மாநில அலுவலகம் கணக்கைப் பார்த்தது. நிறுவனத்தின் கையில் பணம் மிகக் குறைவு என்று கண்டுபிடித்தது. பணமெல்லாம் ஆவணம் எழுதப் போயிருந்தது. எனவே, நிறுவனத்தின் கையில் பணம் குறைவு என்ற எச்சரிக்கையை முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போடச் சொன்னது. விட்லாக் எச்சரிக்கையை எழுதினார், பில் அனுப்பினார். அந்த பில்லைக் கட்டியதும் குறைவு மேலும் குறைந்தது. எனவே எச்சரிக்கையைத் திருத்தவேண்டியதாயிற்று. அதற்கும் பில் வந்தது. ஓர் எச்சரிக்கை இவ்வளவு வேகமாகத் தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்வதை விட்லாக்கே பார்த்ததில்லையாம்.

ஒரே ஓர் ஆள் கிளை உரிமையை வாங்கினால் விட்லாக்கின் பாக்கியைக் கட்டி முடிக்கலாம், யாரும் வாங்காவிட்டால் இருக்கிற கடையும் போய்விடும் என்று ஆர்லீன் கணக்குச் சொன்னார். நார்ட்விக்கும் சுற்றுவட்டாரமும் ஹால்வருக்கே உரியவை என்று ஆவணம் தெளிவாக எல்லை வகுத்திருந்தது. வாங்குகிறவர் மினியாபொலிஸின் புறநகரில்தான் கடை திறக்கலாம். அதாவது, தன்னை யாருக்கும் தெரியாத இடத்தில்.

அந்த ஒரே ஆள் வந்தார். வெர்னா ஸ்டோல். மூன்று தெரு தள்ளி வீடு. அவரும் கணவர் கோர்டனும் செவ்வாய்க்கிழமை தவறாமல் கடைக்கு வந்தவர்கள். இரண்டு குளிர்காலத்துக்கு முன் கோர்டன் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தபோது விழுந்தார், எழுந்திருக்கவில்லை. காப்பீட்டு நிறுவனம் அனுதாபக் கடிதத்தையும் காசோலையையும் ஒரே உறையில் அனுப்பியது. காசோலை வங்கிக்குப் போயிற்று. வெர்னா அதைத் தொடவில்லை. அந்தப் பணத்தில் என்ன வாங்கினாலும் அது கோர்டனுக்குப் பதிலாக வாங்கியதாகிவிடும்.

"காலைல எந்திரிச்சா போறதுக்கு ஒரு இடம் வேணும் ஹால்வர்," என்றார். "அவ்வளவுதான்."

ஹால்வர் ஆவணத்தைக் கொடுத்தார். விட்லாக் முன்பே அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார். ஆவணத்தில் இல்லாத எதையும் வருமானத்தைப் பற்றி வாய்திறந்து சொல்லக்கூடாது. நல்லதும் சொல்லக்கூடாது, கெட்டதும் சொல்லக்கூடாது. மேலும் கீழும் தலையாட்டக்கூடாது. பக்கவாட்டில் ஆட்டினால் கட்டணம் தனி.

இரண்டு வாரம் கழித்து வெர்னா வந்தார். ஆவணத்தின் அட்டையில் சூடான பாத்திரத்தின் வட்டத் தழும்பு இருந்தது. எச்சரிக்கைப் பக்கம் வரை இறங்கியிருந்தது.

"படிச்சீங்களா?"

"பார்த்தேன். நல்ல கனமா இருக்கு."

"படிக்கணும் வெர்னா."

"நீங்க குடுத்ததை உக்காந்து ஒவ்வொரு வரியா சோதிச்சா, உங்களை நம்பலேன்னு ஆயிடாதா?" வெர்னா பையை மடியில் வைத்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். இதுல ஏதாவது வருமா?"

ஹால்வர் கழுத்தை அசையாமல் வைத்துக்கொண்டார். "பத்தொன்பதாம் பிரிவைப் பாருங்க."

"அதைப் பார்த்தேன். வருமானத்தைப் பத்தி நாங்க எதுவும் சொல்றதில்லைன்னு போட்டிருக்கு."

"என்னால சொல்ல முடிஞ்சது அவ்வளவுதான்."

வெர்னாவின் முகம் மலர்ந்தது. "கோர்டனும் இப்படித்தான். எவ்வளவு பெரிய மீன் மாட்டினாலும் வெளியில சொல்லிக்க மாட்டார்."

ஆர்லீன் உள்ளே அடுப்படியில் இருந்தார். கடையில் வேறு யாருமில்லை. ஹால்வர் திரும்பி ஒருமுறை ஜன்னலைப் பார்த்தார். பிறகு, விட்லாக் கேட்டால் பத்துத் துண்டு பில் போடக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார்.

"வெர்னா, இது உங்களுக்கு வேண்டாம்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க ஹால்வர். எனக்கு ஆசையா இருக்கு."

"நிஜமாத்தான் சொல்றேன். வேண்டாம்."

வெர்னா புன்னகை மாறாமல் உட்கார்ந்திருந்தார். நல்ல வளர்ப்பு உள்ளவர், எதிரில் இருப்பவரும் நல்ல வளர்ப்பு உள்ளவர்தான் என்று கண்டு திருப்திப்படும் புன்னகை. எண்ணிக்கை அவருக்கும் தெரியும்.

"உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா..." என்று மூன்றாவது முறையாகக் கேட்டார்.

மூன்றாவது 'வேண்டாம்' ஹால்வரின் நாக்கு நுனி வரை வந்தது. கல்லாப்பெட்டியின் ஓரத்தில் விட்லாக்கின் பில் செருகியிருந்தது. அதன் மேல் ஆர்லீன் சிவப்பு மையில் போட்டிருந்த வட்டம் அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

"காபி குடிக்கறீங்களா?" என்றார் ஹால்வர்.

வெர்னா இரண்டு முறை வேண்டாம் என்றார். மூன்றாவது முறை அரைக் கப் போதும் என்றார். முழுக் கப்பைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

புறநகர்க் கடையில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைக்கப்பட்டது. வெர்னா அதன் பின்னால் நின்றார். கடந்துபோனவர்கள் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போனார்கள். சிலர் அவரைப் பார்த்துக் கையசைத்தார்கள். தங்கள் பிம்பத்தைத் தாண்டி உள்ளே ஓர் ஆள் நிற்பது தெரிந்த கூச்சத்தில். உள்ளே வருமளவுக்கு யாருக்கும் கூச்சமில்லை. வட்டாரக் காரணிகள் மாறுபட்டன. அடுத்த வசந்தம் வருமுன் கடை மூடப்பட்டது. ஆவணம் சொன்னபடியே எல்லாம் நடந்தது, ஒரு வார்த்தை பிசகவில்லை என்று விட்லாக் பெருமைப்பட்டார். வெர்னாவின் வீட்டு வாசலில், கோர்டன் பனி வாரிய இடத்தில், விற்பனைக்கு என்ற பலகை நடப்பட்டது.

வெர்னா ஒரு தட்டு இனிப்புக் கட்டிகளோடு ஹால்வரின் கடைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருந்தார்.

"உங்க பேரைக் கெடுத்துட்டேன் ஹால்வர்."

அப்படியெல்லாம் இல்லை என்று ஹால்வர் சொன்னார். இரண்டு முறை சொன்னார்.

ஆண்டுக்கு ஒருமுறை ஆவணத்தைப் புதுப்பிக்கவேண்டும். விலகிய உரிமையாளர்கள் பட்டியலில் வெர்னாவின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஏறின. புதிதாக வாங்க நினைப்பவர் அவரைக் கூப்பிட்டு நேரடியாகவே உண்மையைக் கேட்டுக்கொள்ளலாம். சட்டத்தின் கருணை அவ்வளவு பெரியது. பெயர் சேர்த்ததற்கு விட்லாக் இரண்டு துண்டு, எண்ணைச் சரிபார்த்ததற்கு ஒரு துண்டு போட்டிருந்தார்.

அந்த வசந்தத்தில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் வந்தார். எல்மர் குவாம், ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர். ஆவணத்தை முழுக்கப் படித்த முதல் மனிதர் அவர்தான். ஒவ்வொரு பக்கத்தையும் கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்திருந்தார். பட்டியலைக் கண்டுபிடித்தார். வெர்னாவைக் கூப்பிட்டும் விட்டார்.

ஆர்லீனின் கை கணக்கின்மேல் அப்படியே நின்றது. "என்ன சொன்னாங்க?"

"'அப்படி ஒண்ணும் மோசமில்ல'ன்னாங்க," என்றார் குவாம் திருப்தியோடு.

அந்த வட்டாரத்தில் கால் முறிந்தாலும், லாட்டரி விழுந்தாலும், வீட்டுக்குள் வெள்ளம் வந்தாலும் சொல்லும் வாக்கியம் அது. எதிரில் இல்லாத ஒருவரின் தொழிலைப் பற்றி, முன்பின் தெரியாத ஒருவரிடம் குறை சொல்லும்படி வெர்னா வளர்க்கப்படவில்லை.

குவாம் கைகழுவ உள்ளே போனார். ஆர்லீன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏண்டா, அன்னிக்கு வெர்னாகிட்ட எத்தனை தடவை வேண்டாம்னு சொன்ன?"

"ரெண்டு தடவை."

ஆர்லீனும் நார்ட்விக்கில் பிறந்தவர். விட்லாக்கின் புதிய பில்லை எடுத்து, பழைய இடத்திலேயே, கல்லாப்பெட்டியின் ஓரத்தில் செருகினார்.

குவாம் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஹால்வர் அவரிடம் வேண்டாம் என்றார். இன்னொரு முறையும் வேண்டாம் என்றார். பிறகு காபி ஊற்றினார்.

ஹால்வர் நெஸ் எதையும் மறைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. மாநில அலுவலகம் முத்திரை போட்டிருக்கிறது. வாய்வழியாகவும் ஒவ்வொருவருக்கும் இரண்டு எச்சரிக்கைகள் தரப்படுகின்றன. வரவுசெலவுத் திட்டமோ குறையொன்று காண முடியாதது. வானிலைக்கு ஒதுக்கீடு இருக்கிறது. ஹாட்டிஷ் பரிசீலனைக்கு ஒதுக்கீடு இருக்கிறது. மூன்றாவது 'வேண்டாம்' ஒன்றுக்குத்தான் ஒதுக்கீடு இல்லை. அது இலவசம் என்பதால் திட்டத்தில் வைக்க வழியில்லை.

குவாமின் கடைக்கு இன்னும் வண்ணம்கூட அடிக்கவில்லை. விலகியவர்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்ப்பதற்கான வழக்கறிஞர் கட்டணத்தை ஆர்லீன் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் இப்போதே ஒதுக்கிவிட்டார்.